இரண்டாவது கியரை விட்டு எழுந்திருக்காத கார்

"ஒர்க்‌ஷாப்புக்காரன் சொல்றான், கியர்பாக்ஸையே மாத்தணுமாம்! மாத்துறதுக்கு அது என்ன சட்டையா?" என்று ஸ்தனிஸ்லாஸ் வாசலில் நின்று முழங்கினார். "இனி என் காருக்கு நானேதான் டாக்டர்!"

தர்மபுரியில் வயரிங் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். ஊரில் பாதி வீடுகளில் விளக்கு எரிவதே தன்னால்தான் என்பது அவர் எண்ணம். கார், அவரே தேடிப் பிடித்து வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் சமர்த்து. அந்தச் சமர்த்துதான் இப்போது இரண்டாவது கியரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றது. நாற்பதுக்கு மேல் மிதித்தால் எஞ்சின் போட்ட கூச்சலில் ஊர் கூடியது, வேகம் கூடவில்லை.

டாக்டர் காருக்கு அடியில் நுழைந்தார். அவர் மனைவி ராஜமேரி திறந்த பானட்டுக்குப் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றாள்.

"என்னாங்க தெரியுது?"

"இருட்டுதான் தெரியுது."

"ஏங்க, இங்க மேல ஒரு பிளக்கு தொங்குதே, அது எதுக்கு?"

"அது அப்படித்தான் தொங்கும். தொடாதே."

"உள்ளார பச்சை பச்சையா பூத்துக் கெடக்குங்க."

பச்சை என்றதும் வயரிங்காரர் பதறி வெளியே வந்தார். தண்ணீர் புகுந்து பித்தளைக் கம்பிகள் களிம்பேறிக் கிடந்தன. பிளக் பாதி கழன்றிருந்தது.

"மேரி! கண்டுபிடிச்சிட்டேன்! இது சென்சாரோட கனெக்‌ஷன்!"

"சென்சாருங்களா? அது சினிமாவுக்குத்தானே?"

"இது வேற. சக்கரம் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு கியர்பாக்ஸுக்குச் சேதி சொல்றது. சேதி வரலேன்னா அது பயந்துபோய் ஒரே கியரைப் புடிச்சிக்கும்."

"அப்ப வேகமாவே போவாதா?"

"தலைகீழா நின்னாலும் போவாது!"

"அப்படீங்களா," என்றாள் ராஜமேரி. அவளுக்கு டீ ஆறியதுகூடத் தெரியவில்லை.

களிம்பைச் சுரண்டி, துடைத்து, 'டக்'கென்று அமுக்கினார். கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. கோயில் வாசலில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி, "ஒர்க்‌ஷாப்புல கைவிட்ட கேஸு, நான் காப்பாத்திட்டேன்" என்றார். பிளக்கை முதலில் பார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கார் தேறியதும் அவருடைய பழைய வியாதி திரும்பியது. வேகம்! பென்னாகரம் ரோட்டில் அவர் வளைவுகளில் காரை ஒடித்துத் திருப்பும்போது ராஜமேரி கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடிப்பாள். "மெதுவாங்க" என்பாள். "ரோடு காலியாத்தானே இருக்கு?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே வேண்டுதல், இதே பதில்.

அப்புறம்தான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. அவர் தனியாகக் கடைக்குப் போனால் கார் கச்சிதமாக ஓடியது. ராஜமேரியின் தங்கை ஜோஸ்பின் வீட்டுக்குப் பென்னாகரம் கிளம்பினால் மட்டும் இரண்டாவது கியரில் உட்கார்ந்துவிட்டது.

"காருக்கும் மச்சினி வூடுன்னா ஆவாது போல," என்பார்.

"போற வழியில எதுக்குங்க கையை அழுக்காக்கிக்கிட்டு? திரும்பி வந்து பாத்துக்கலாம்," என்பாள்.

வீடு திரும்பிப் பார்த்தால் பிளக் கழன்றிருக்கும்; அமுக்கினால் சரியாகிவிடும். இந்தப் பொறுமைசாலி மனைவியைக் கொடுத்ததற்கு அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். கண்ணாடியை இறக்கிவிட்டு நாற்பதில் உருளும்போது, ரோட்டோரம் புளியமரங்கள் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. ராஜமேரி மெல்லப் பாடுவாள் என்பதும் தெரியவந்தது. அதுவரை எஞ்சின் பாட்டைத்தான் கேட்டிருந்தார்.

இருந்தாலும் வயரிங்காரரின் மானம் என்று ஒன்று இருக்கிறதே! ஒரு சனிக்கிழமை புது பிளக் மாட்டி, வயர் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, டேப்பும் சுற்றினார்.

"இனிமே இதை எவனாலயும் அசைக்க முடியாது!"

"எவனாலயும் முடியாதுங்க," என்று ராஜமேரி ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் கிளம்பினார்கள். தர்மபுரி தாண்டவில்லை, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதே கியர். அதே நாற்பது. ஸ்தனிஸ்லாஸ் ஸ்டியரிங்கை அடித்தார், ஹாரனை அடித்தார், நெற்றியிலும் அடித்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடு ஒரு வளைவில் திரும்பினார். ரோடு முழுக்க வெள்ளாடு! நடுவில் குள்ளம்மாள் என்ற ஆட்டுக்காரக் கிழவி, நகர மறுத்த கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்தார். கிடாயின் மூச்சு பம்பரில் படும் தூரத்தில் கார் நின்றது.

"நல்லா இருப்ப சாமி! மெதுவா வந்தியே, நான் பொழச்சேன்," என்று குள்ளம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெனமும் இங்க எப்படிப் பறக்கறானுங்க தெரியுமா?"

தெரியும். நன்றாகத் தெரியும். ஸ்தனிஸ்லாஸ் இறங்கிப் போய் மைல் கல் மேல் உட்கார்ந்தார். ராஜமேரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ஆடுகள் ஒவ்வொன்றாக அவரைப் பார்த்துவிட்டுப் போயின.

"மேரி, நல்லவேளை பிளக்கு கழண்டுச்சு. இல்லேன்னா அந்த அம்மா... ஆண்டவர்தான் கழட்டிவிட்டிருக்காரு."

"ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. கழட்டுனது நாந்தான்."

தண்ணீர் புரையேறியது. "நீயா? எப்பெப்ப?"

"கொஞ்ச நாளா, உங்ககூட ஏறுன ஒவ்வொரு வாட்டியும்."

கோபம் வரும் என்று அவரே கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. கிடாயை அதட்டிக்கொண்டே குள்ளம்மாள் சரிவில் இறங்குவது தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி மேரி."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

திடீரென்று அவர் நிமிர்ந்தார். "ஆமா, நேத்து நான் டை போட்டு, டேப்பு சுத்தி இறுக்குனேனே! அதை எப்படிக் கழட்டுன?"

"நீங்க இறுக்குனது அதைங்க. நான் உருவுனது பக்கத்துல அதே மாதிரி இருக்கற இன்னொரு பிளக்கை."

டாக்டர் இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "இனிமே அறுவதைத் தாண்ட மாட்டேன், சத்தியமா! இப்ப அதை மாட்டிக்கட்டுமா?"

"எதுக்குங்க?" என்று ராஜமேரி கார் கதவைத் திறந்தாள். "இப்பத்தான் வண்டி சரியா ஓடுது."