அழிறப்பர் அண்ணையும் நான் திருடாத ஆடும்

கனடாவில் குற்றவாளிகளை மன்னிக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருப்பதாகச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அது தவறு. அந்த அதிகாரம் பல வருடங்களாக ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையின் மூலை மேசையில், கறுப்புக் கோட்டும் ஓட்டச் சப்பாத்தும் அணிந்து, சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அழிறப்பர் அண்ணை என்று பெயர்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். பழைய குற்றப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, விண்ணப்பம் நிரப்பி அனுப்பி அழித்துக் கொடுத்ததால், பென்சில் எழுத்தை அழிக்கும் சாமானின் பெயரையே சனங்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் வழக்காளிகளின் பெயரைக் கூப்பிடும் வேலை பார்த்தவர். நீதவானுக்கு அடுத்த இடம் தன்னுடையது என்பது அவருடைய எண்ணம். "நான் கூப்பிடாட்டி ஐயா ஆரையடா விசாரிக்கிறது?" என்று கேட்பார். அந்தக் குரலும் அவரோடு விமானமேறி வந்துவிட்டது. நம்முடைய முறை வந்ததும் மேசையிலிருந்து எழும்பி நின்று கூப்பிடுவார்: "சிவலிங்கம்! குடிச்சுப்போட்டுக் கார் ஓடினது! வாரும் இஞ்சை!" கோப்பிக்கு வரிசையில் நின்ற சிவலிங்கத்தின் சம்பந்தி அன்றைக்குத்தான் செய்தியை அறிந்துகொள்வார்.

"அண்ணை, கொஞ்சம் மெல்லமாக் கூப்பிடக்கூடாதே?" என்று சிவலிங்கம் கெஞ்சினார்.

"அரசாங்கத்தின்ர கொம்பியூட்டரில இருக்கிறதைத்தான் நான் அழிப்பன். உம்மட சம்பந்தியின்ர வாய் என்ர பொறுப்பில்லை."

நகரத்துக்குள் குற்றம் செய்தவர்களை அவர் மதிப்பதில்லை. அவர்களிடம் தேட ஒன்றுமில்லை. தூரத்துக் கிராமப் பக்கம் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் அவருக்கு விருந்து. தூண்டில்காரருக்குப் புழுப் பிடிக்கவும் காளான் பறிக்கவும் வான்களில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் நாங்கள். ஏற்றியவனுக்குத்தான் பாதை தெரியும். எந்த ஊரில் பிடிபட்டோம், எந்தக் கோட்டில், எந்த நீதவானுக்கு முன்னால் நின்றோம் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே விசாரணை இப்படித்தான் தொடங்கும்:

"தோட்டத்தில என்ன நிண்டது?"

"சோளம் அண்ணை."

"எங்கையடா சோளம் இல்லை? பொலிஸ்காரனுக்கு மீசை இருந்ததோ?"

"இருந்தது. கோட்டு வாசலில ஒரு பழைய பீரங்கியும் நிண்டது."

"பீரங்கியோ! அதை முன்னமே சொல்லுறதுக்கென்ன, மடையா!"

சிவலிங்கத்துக்குப் பீரங்கியும் நினைவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அவரைக் காரில் வைத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே சுற்றினோம். பின்னேரம் ஒரு வளைவில் சிவலிங்கம் துள்ளியெழுந்து, தெருவோரத்து மரம் ஒன்றைக் காட்டி, "அண்ணை, உதிலதான் இடிச்சனான்!" என்று கத்தினார். தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல ஒரு மகிழ்ச்சி. அண்ணை இறங்கிப் போய் மரத்தைத் தடவிப் பார்த்தார். "மரம் சுகமாய் நிக்குது. நீர்தான் நாசமாப் போனனீர்."

சாரதி நான். ஒரு பத்தி எழுத்தாளனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் ஒரு குற்றவாளி. கண்ணியமான வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். என் குற்றம் ஓர் ஆடு.

கனடாவுக்கு வந்த புதிது. தீபாவளிக்குப் பங்கு போடுவதென்று நான்கு நண்பர்கள் முடிவுசெய்தோம். ஆட்டை வாங்கி, அடித்து, கூறு வைத்து, வீடுகளுக்குப் பிரிப்பதுதான் பங்கு. பண்ணைக்காரர் காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார், ஆட்டைக் காட்டினார், ட்ரக்கில் ஏறி எங்கோ போய்விட்டார். நாங்கள் ஆட்டை வானில் ஏற்றும்போது அவருடைய தம்பி வந்து சேர்ந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு கறுத்த மனிதர்கள், ஒரு வான், தங்கள் வீட்டு ஆடு. அவர் அழைத்த பொலிஸ் பெருந்தெருவில் மறித்தபோது பின்னால் ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். யார் எடுத்தது என்று கேட்டார்கள். நண்பர்கள் மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது.

கோட்டில் இலவசமாகக் கிடைத்த வழக்கறிஞர் விளக்கினார்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு சின்ன அபராதம், இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் திரும்பத் திரும்ப வரவேண்டும். இங்கே பிறந்தவன் என்றால் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. ஊரில் இராணுவ முகாமில், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்து உயிரோடு வெளியே வந்தவன் நான். கேட்பதற்கெல்லாம் ஓம் என்றால் விடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம். ஓம் என்றேன். விட்டார்கள். முகாமில் வைத்த கையெழுத்து பிறகு என்னைத் தேடி வரவேயில்லை. ஜனநாயக நாட்டில் சொன்ன ஓம்தான் முப்பது வருடம் கழித்து வீட்டுக்கு வந்தது.

பிக்கரிங்கில் நான் வேலைசெய்த கார்ச் சாமான் தொழிற்சாலை மூடப்பட்டது. பத்தி எழுதிச் சோறு தின்ன முடியாது என்பது இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் தெரியும். அலைந்து திரிந்ததில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை ஒன்று சரிவந்தது. ஒரே நிபந்தனை, செப்ரெம்பருக்குள் பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு.

"ஆட்டுக்கள்ளனை நம்பி ஆர் பிள்ளையளை ஏத்தி விடப்போயினம்?" என்று மனைவி சிரித்தாள். பிறகு வெட்டிய கத்தரிக்காயையே திரும்பவும் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணையிடம் போனேன். "அண்ணை, அந்த ஆட்டை நான் களவெடுக்கேல்லை."

"செய்யாதவங்களோடதானடா எனக்குப் பெரிய கரைச்சல். செய்தவன் காட்டின இடத்தில கையெழுத்து வைப்பான். செய்யாதவன் இருந்து கதை சொல்லுவான். சரி, பீரங்கி நிண்டதோ?"

"ஆடுதான் நிண்டது."

எனக்கு ஊர்ப்பெயர் நினைவிருந்ததில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். ஆனாலும் வந்தார். நான் நின்ற நீதிமன்றம் இப்போது நூலகமாகிவிட்டது. வழக்குகள் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. அங்கே கவுண்டரில் இருந்த பெண், கணினியில் என் பெயர் இல்லை என்றாள். ஒரு கணம் எனக்கு இனித்தது. அண்ணை கறுப்புக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முன்னால் வந்து, பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன ஆங்கிலத்தில் முழங்கினார்: "அம்மணி, இவர் ஒரு திருடர். தயவுசெய்து இவரை ஏமாற்ற வேண்டாம்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பின்னறைக்குப் போய்ப் பழைய பெட்டிகளை எல்லாம் கிளறினாள். பொலிஸ் கணினியில் குற்றம் இருந்து, நீதிமன்றத் தாள் கிடைக்காமல் போனால், அபராதம் கட்டியதை நிரூபிப்பது பெரும்பாடு என்று அண்ணை காதுக்குள் சொன்னார். நான் திருடன் என்பதற்கான அத்தாட்சி கிடைக்கவேண்டுமென்று, நல்லூர்க் கந்தனிடம்கூட வேண்டிக்கொள்ளாத மாதிரி வேண்டிக்கொண்டு நின்றேன். கிடைத்தது. மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "நான் கள்ளன்தானாம்." "கடவுளே, நல்லதாப் போச்சு!" என்றாள்.

திரும்பும்போது காரைப் பண்ணைப் பக்கம் விட்டேன். "உங்கை ஏன் போறாய்? ரெண்டாந்தரமும் பிடிபடவோ?" என்று அண்ணை சத்தம் போட்டார். கதவைத் திறந்தவர் பண்ணைக்காரரின் மனைவி, தடியூன்றிய கிழவி. ஆடு என்று சொல்லி வாய் மூடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆட்டைக் கணவர் விற்றது உண்மை. தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாததால் அவருக்குச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் கணவர் பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாராம். "அந்த ஆள்தான் ஒப்புக்கொண்டுவிட்டானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்களுக்கு ஒரு துண்டு கேக்கும் தந்தார்.

காருக்குள் ஏறியதும் நான் வெடித்தேன். "அண்ணை, இப்பவே லோயரைப் பிடிப்பம். வழக்கைத் திருப்பி எடுப்பம். மனுசி சாட்சி சொல்லும்."

"சொல்லும். எப்ப? நீ குற்றவாளி எண்டால் கோடைக்குள்ள மன்னிப்பு வந்திடும். நிரபராதி எண்டு காட்டப் போனியெண்டால் வருசக்கணக்கில இழுபடும். மனுசியும் இராது, பஸ்ஸும் இராது."

"அப்ப உண்மைக்கு ஒரு மரியாதையும் இல்லையோ?"

"அதுக்கு வேற கவுண்டர். அங்கை ஒருத்தரும் இருக்கிறேல்லை."

பேனையை என் கையில் திணித்து, டோனட் கடையில் வைத்து விண்ணப்பத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "எழுது: களவெடுத்ததை நினைச்சு வெக்கப்படுறன்."

"நான் காசு குடுத்தனான் அண்ணை."

"எழுதடா!"

எழுதினேன். இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்தை ஓர் அரசாங்கம் முழுமையாக நம்பியது அந்த ஒரு தடவைதான்.

ஓகஸ்ட் முடிவில் மன்னிப்பு வந்தது. மஞ்சள் பஸ்ஸும் வந்தது. மனைவி பாயாசம் வைத்தாள். நான் கடைக்குப் போய் அண்ணைக்கு முன்னால் இருந்தேன். சிவலிங்கம் தனக்கு மன்னிப்பு வந்த அன்று கடை முழுவதற்கும் டோனட் வாங்கிக் கொடுத்தவர். எனக்கு ஒரு கோப்பி வாங்கவும் எழும்ப மனம் வரவில்லை.

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடமிருந்து அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரல் ஒன்று வந்தது.

"தம்பி, உன்னைக் கொண்டு பொய் எழுதுவிச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

பொலிஸ் மறித்த நாளிலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ பேர் என்னை விசாரித்திருக்கிறார்கள். கடைசியில் அரசாங்கமே என்னை மன்னித்தும் விட்டது. என்னிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது அண்ணையின் மகன் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கி அவரை அங்கே கொண்டுபோய்விட்டான். நடந்து போகிற தூரத்தில் ஒரு பஸ் இல்லை, ஒரு கடை இல்லை, ஒரு குற்றவாளியும் இல்லை. சனிக்கிழமைகளில் நான் போவேன். கதவைத் திறந்ததுமே கேட்பார்:

"என்னடா, முடிவெடுத்திட்டியோ?"

"விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்கு அண்ணை."

"எல்லாம் உங்கட இழுத்தடிப்புத்தான்" என்று திட்டிக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார். அவரை மன்னித்துவிட்டால் பிறகு என்ன சாக்குச் சொல்லிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அடுத்த சனிக்கிழமைக்குத் தவணை போட்டுவிட்டு வருகிறேன்.