மாப்பிள்ளையின் கறுப்புத் தாளுக்கு ஒரு கோட்

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். எதிர்வீட்டு நாய்கூடச் சௌக்கியம். மேசைமேல் நீங்கள் காயவைத்துவிட்டு ஊருக்குப் போன கறுப்புத் தாள்களைப் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், தூசு படும் என்று அவற்றை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது உங்கள் தப்பு. "மாமா, ஹைட்ரஜன் மின்கலத்துக்கு இதுதான் உயிர், தொடாதீங்க" என்று என்னிடமே சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. பெயிண்ட் கம்பெனியில் பூச்சு பார்த்தே தலை நரைத்தவன் நான். தொடாமல்தான் பார்த்தேன். ஒரே சொரசொரப்பு, மருந்துக்கும் பளபளப்பில்லை. அடுத்த மாதம் மேலதிகாரிகள் முன்னால் பொம்மைக் கார் இதில் ஓடினால்தானே உங்கள் வேலை நிரந்தரம், பிள்ளை அவசரத்தில் அரைகுறையாகப் பூசிவிட்டுப் போயிருக்கிறாரே என்று மனசு கேட்காமல், உப்புத்தாள் போட்டு நைசாகத் தேய்த்து, கறுப்பு எனாமலில் ஒரே ஒரு கோட் கொடுத்தேன். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்! உங்கள் மாமியார் வந்து, "உங்க கை சும்மாவே இருக்காதா?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தாள்களை எடுத்துப்போக வந்த உங்கள் ஆய்வுக்கூட நண்பர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், அந்தச் சொரசொரப்புதான் சார் வேலையே பாக்குது! அத்தனையும் முடியைவிட ரொம்ப ரொம்ப மெல்லிசான கரிக்குழாய். அதுமேலதான் பிளாட்டினத்தைத் துளியூண்டு தூவியிருக்கோம். நடுவுல இருக்கற சந்துல ஹைட்ரஜன் போனாத்தான் கரண்டு வரும். அந்தச் சந்து எல்லாத்தையும் அடைச்சிட்டீங்களே! ஒரு தாள் தப்பிச்சிருந்தாக்கூட அந்தக் கார் ஓடியிருக்கும்" என்றார்.

மாப்பிள்ளை, ஓட்டையை அடைப்பதற்கே சம்பளம் வாங்கியவனிடம், ஓட்டைதான் உயிர் என்று யார் சொன்னார்கள்? உங்கள் வேலை போனால் என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பிரஷ்களையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் என் கை எதன்மேலும் படாது. இது சத்தியம்.

நீங்கள் இருவரும் மனக்குறை இல்லாமல், குறிப்பாக என்மேல் மனக்குறை இல்லாமல், நீடூழி வாழ ஆசிகள்.

மாமனார்.

பி.கு.: உங்கள் மாமியார் இப்போதுதான் வாயைத் திறந்தாள். என் கையைப் பற்றித் தெரிந்து, முன்னமே ஒரு தாளை எடுத்துப் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாளாம். போன உயிர் திரும்பிவந்தது! உடனே எடுத்துப் பார்த்தேன். பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்ன வெடிப்பு, கண்ணை உறுத்தியது. பரணிலிருந்து ஒரு பிரஷ்ஷை மட்டும் இறக்கினேன். மூலையில் மட்டும்தான், மாப்பிள்ளை. ஆனால் மூலை பளபளத்ததும் மற்ற இடமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.