தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத வட்டம்

ரத்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மூத்த சகோதரர் பஸ்லி நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் இத்தனை வளைவு இருக்கும்போது, இறங்கி வருகிற வாகனமெல்லாம் ஏன் என் மதிலைத் தேடி வந்து இடிக்கிறது? எனக்கு விடை தெரியாது. நீங்கள், மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்; மதில்தான் சுகமில்லை.

ஜனவரியிலிருந்து மூன்று தடவை இடிந்தது உங்களுக்குத் தெரியும். கடைசியாக வந்த வேன் மதிலையும் உடைத்துக்கொண்டு, நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் கொட்டிலில் பிள்ளைகள் உட்காரும் முன் வாங்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அன்று வகுப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இன்னொரு தடவை இடிந்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை. பிள்ளைகளுக்கோ டிசம்பரில் பரீட்சை. எச்சரிக்கைப் பலகை கேட்டு எழுதிய வீதி அலுவலகத்திலிருந்து, மதிலின் நீளம் என்ன என்று கேட்டுப் பதில் வந்தது. அதனால்தான் மதிலிலேயே ஒரு சிவப்பு முக்கோணமும், நடுவில் வேக எல்லை இருபது என்று எழுதிய வட்டமும் வரைந்துவிடலாம் என்று நினைத்து, முப்பது வருடம் சித்திரம் படிப்பித்த உங்களிடம் கேட்டேன். நீங்கள் மூன்று தூரிகையும் மூன்று பக்கக் குறிப்பும் அனுப்பி, வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னீர்கள். படம் அனுப்ப மாட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் முக்கோணம். நேர்கோட்டுக்குத் தட்டைத் தூரிகை, மயிரில் மூன்றில் ஒரு பங்குதான் நனைய வேண்டும், விளிம்பை இழுத்துவிட்டு உள்ளே நிரப்ப வேண்டும், ஓரத்துக்கு டேப் ஒட்டி ஈரம் காயுமுன் உரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் உங்கள் அக்குறணை மதில்களில் பாசி இல்லை போல. இங்கே பனி இறங்கினால் மதிலில் எதுவும் ஒட்டாது. மகள் றிப்காவின் ஹெயார் டிரையரை வயர் இழுத்துக் கொண்டுபோய் மதிலுக்குப் பிடித்தேன். பஸ்ஸில் போன சனம் எழும்பி நின்று பார்த்தது. அதுக்குப் பிறகு டேப் நல்லா ஒட்டிக்கிட்டது, நான்தான் உரிக்க மறந்துட்டேன். காலையில உரிச்சா, டேப்போட பெயின்ட், பெயின்டோட பழைய சுண்ணாம்பு எல்லாம் வந்து, முக்கோணம் எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி நின்னது. ஒரு பக்கத்தை நேராக்கினேன், அடுத்த பக்கம் குட்டையாத் தெரிஞ்சது. அதை நீட்டினேன், மூணாவது பக்கம் கோணல். இப்படி நேராக்கி நேராக்கி, ரெண்டு அடியில தொடங்கின முக்கோணம் அஸர் தொழுகைக்குள்ள என் உயரத்துக்கு வளர்ந்திருச்சு. மூன்று கோணத்தையும் கூட்டினால் நூற்றெண்பதைத் தாண்டும் போல இருந்தது. அளக்கவில்லை.

பிறகு வட்டம். ஆணியில் நூல் கட்டி, நூல் நுனியில் உருண்டைத் தூரிகையைப் பிடித்து, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையைச் சுற்றச் சொன்னீர்கள். நூல் ஆணியில் இறுகாமல் சுழல வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தது மூன்றாம் பக்கத்தில். நான் இரண்டாம் பக்கத்தோடு வேலையைத் தொடங்கிவிட்டேன். ஆணி நிற்காததால் பெருவிரல் தடிப்பில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, நூலை நன்றாக இறுக்கிக் கட்டினேன். சுற்றச் சுற்ற நூல் கம்பியில சுத்திக்கிட்டே வந்திருக்கு. கோடு தொடங்கின இடத்துக்கு வராம நாலு விரல் உள்ளுக்குப் போயிருச்சு. அடுத்த சுத்துல சேர்ந்துடும்னு இன்னொரு சுத்து. அப்புறம் இன்னொன்று. மையத்திலிருந்து ஆரை குறைந்தால் வட்டம் மூடாது என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மச்சான், அதுதான் என் வீட்டுக்காரர், ஸக்கரியா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆஸியா, இது என்னா?"

"வட்டம்."

"எங்க முடியுது?"

"முடியல்ல."

"அப்ப இருபதை எங்க எழுதப் போற?"

நான் பதில் சொல்லுமுன், எஸ்டேட் வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டுப் புஷ்பவதி நின்று பார்த்தார். "நத்தை ரொம்ப நல்லா வந்திருக்குங்க டீச்சர். கொம்பு மட்டுந்தான் இல்ல."

"கொம்பு டீச்சர்ட தலையில இரிக்குது, புஷ்பவதி," என்று சொல்லிவிட்டு மச்சான் ஆட்டோ ஹேண்டிலில் தலையை வைத்துச் சிரித்தார். புஷ்பவதியும் சிரித்தார். நான் தூரிகையைக் கழுவப் போனேன்.

ஆகவே நானா, பெருநாளைக்கு வரும்போது வெள்ளைப் பெயின்ட் பெரிய டின் ஒன்றும், அகலமான தூரிகை ஒன்றும் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வகுப்புக்கு டவுனில் ஒரு அறை தேடப் போகிறேன். மதிலில் வரைந்த கோடு ஒரு வாகனத்தை மெதுவாக்கும் என்று நம்பியது என் பிழை. மதினிக்கு ஸலாம் சொல்லுங்கள். நத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அல்லாஹ் உங்கள் கையை நடுங்காமல் வைத்திருக்கட்டும், எனக்குக் கொடுக்காத பங்கையும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கச்சி ஆஸியா.

பி.கு.: சனிக்கிழமை, மஃரிப் தொழுகைக்கு முன். கடிதம் இன்னும் தபாலில் போடவில்லை. நடந்ததை நடந்தபடி சேர்க்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து கொட்டிலில் இருந்து எண்ணினேன். இறங்கி வந்த வாகனம் ஐம்பத்து மூன்று. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தவை நாற்பத்தெட்டு. அதில் பதினொன்று நின்றேவிட்டன. இறங்கி நத்தையோடு போட்டோ எடுத்தார்கள். ஒரு லொறிக்காரர் தலையை நீட்டி, "நத்தை எங்க போகுதுங்க?" என்று கேட்டார். முக்கோணத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். மதிலில் விழுந்தது ஒரே ஒரு கீறல். அதுவும் மச்சான், கூட்டாளிக்கு நத்தையைக் காட்ட ஆட்டோவைப் பின்னுக்கு எடுத்தபோது. பின்னேரம் இரண்டு தாய்மார் வந்து, அரை மணித்தியாலம் பாதையைப் பார்த்து நின்றுவிட்டு, திங்கட்கிழமை பிள்ளைகளை அனுப்புவதாகச் சொன்னார்கள். வெள்ளை டின் வேண்டாம். படம் இப்போதுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மதினிக்கும் காட்டலாம். கொம்புக்கு எந்தத் தூரிகை என்று எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.