மதிப்பெண் ஏற்றும் மகான்

தேசியத் தேர்வு வாரியத்துக்கு எதிரே, நகலகத்தின் மாடியில் மகான் இருந்தார். வரிசை படியிறங்கித் தெருவை மறித்தது. பதிவெண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். அதைத் தண்ணீர்த் தம்ளருக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடுவார்; மதிப்பெண் ஏறிவிடும். போன வருடம் நாற்பது பேருக்கு ஏறியதாம். "மறுகூட்டலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுடுங்க, சும்மா ஒப்புக்கு" என்பார். ஏறினால் தம்ளரின் மகிமை. ஏறாவிட்டால் உங்கள் நம்பிக்கைக் குறைவு.

அந்த நாற்பதையும் உண்மையில் ஏற்றிய ஆள் வரிசையில் பதினேழாவதாக நின்றுகொண்டிருந்தார். வாரியத்தின் மறுகூட்டல் எழுத்தர். கூட்டாமல் விட்ட பக்கங்களைத் தேடிப்பிடித்துச் சிவப்புப் பேனாவால் திருத்தியது அவர் கைதான். ஆனால் சொந்த மகள் கணக்கில் இரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டதும், அவரோடு சேர்ந்து அவர் அறிவும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டது. மகளின் தாளை அவர் தொடக்கூடாது, சக எழுத்தர்தான் கூட்ட வேண்டும் என்பது விதி. சக எழுத்தரின் கூட்டலை அவர் பார்த்திருக்கிறார். தம்ளரே மேல்.

"அப்பா, இன்னைக்குத்தான் கடைசி நாள். முதல்ல ஃபாரத்தைக் கொடுத்துடலாம்."

"இரும்மா, இவர் பாத்துடட்டும்."

"நீங்க செய்யற வேலைய இவர் செய்யறார்னு நீங்களே நம்பறீங்களா?"

அவர் வரிசையோடு இன்னொரு படி ஏறினார்.

முறை வந்தது. மகள் சீட்டை நீட்டினாள். மகான் கண்ணை மூடினார்.

"ஏழு மார்க் ஏறும். தாள்ல ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. பாவம், பொண்ணு ரொம்ப அழுதிருக்கு."

"ஐயா, இது என் நம்பர் இல்ல."

"தெரியும்மா. சிநேகிதிக்காக வந்திருக்கே. நல்ல மனசு."

மகள் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல், அதே எண், குறுக்கே 'மாதிரி' என்ற எழுத்து. "இந்த நம்பர்ல ஆளே கிடையாதுங்க. எப்படி அழுதா?"

எழுத்தர் எட்டிப் பார்த்தார். அந்த எண்ணைத் தட்டச்சு செய்தவரே அவர்தான்.

"இனிமே பிறக்கப்போற குழந்தையா இருக்கலாம்" என்றார் மகான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு படிக்கட்டு முழுவதும் சிரித்தது. ஓர் அம்மாள் தன் சீட்டை வெடுக்கென்று பிடுங்க, தம்ளர் கவிழ்ந்தது. மகானுக்குத் திடீரென்று தலைவலி. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

"இப்ப ஃபாரத்தை யார்கிட்ட கொடுக்கறது? மத்தியானத்துலேர்ந்து மறுகூட்டல் கவுண்டர்ல ஆளே இல்லையே!" என்றார் ஒரு லாரி ஓட்டுநர்.

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த ஆள்... நான்தாங்க" என்றார் எழுத்தர்.

அவர் முன்னால் ஓடினார்; வரிசை திட்டிக்கொண்டே பின்னால் ஓடியது. மணி நாலே முக்கால்; ஐந்துக்குக் கவுண்டர் மூடும். கூட்டிப் பார்க்க ஆள் வைத்துக்கொள்ளலாம், ஐயா. யோசித்துப் பார்க்கவும் ஆள் வைத்தால், அந்த ஆள் தம்ளரோடு மாடியில்தான் உட்காருவார்.