தள்ளி நில்லுங்க மாப்ளே

கண் பார்க்கும், மனம் யோசிக்கும், அப்புறம்தான் கை நகரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். என் விஷயத்தில் மனம் எப்போதும் கடைசி பஸ்ஸில்தான் வந்து சேரும். ஒருமுறை அது வருவதற்குள் என் மாமனாரின் கை முறிந்துவிட்டது.

அப்போது அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே முதல் பாடமே, எது நழுவி விழுந்தாலும் பிடிக்கப் போகக் கூடாது என்பதுதான். கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்துவிட வேண்டும். விழுந்த இரும்பைப் பிடிக்கப் போய் விரலைக் கொடுத்தவர் ஒருவர் எங்கள் பட்டறையிலேயே இருந்தார். ஆறு வருஷத்தில் நான் குதிப்பதில் கில்லாடி ஆகிவிட்டேன். (வேறு எதிலும் ஆகவில்லை.)

கல்யாணமான வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லோருமாக அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பினோம். கூச்சத்தில் நான் வாயே திறக்கவில்லை. மாமனார் மட்டும் என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முன்னால் இறங்கினார். "அமைதியான பையன், நம்பிக் கொடுக்கலாம்" என்று மாமியாரிடம் வாதாடி எனக்குப் பெண் கொடுத்தவர் அவர்தான்.

"பாத்து வாங்க மாப்ளே, வழுக்கும்" என்று திரும்பிச் சொன்னவர், தானே வழுக்கினார். என்னை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கை ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது.

நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேல்படிக்குத் தாவினேன். "தள்ளிக்கோ!" என்று கத்தவும் செய்தேன். (அன்றைக்கு நான் சத்தமாகப் பேசிய ஒரே வார்த்தை.) 'பிடி' என்று மனம் சொன்னது, அவர் விழுந்த பிறகு.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். "பட்டறைப் பழக்கங்க... எது விழுந்தாலும்..." என்று இழுத்தேன்.

மாமியார் என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்டார். "ஏண்டி, உங்கப்பா என்ன இரும்புத் துண்டா?"

முதலில் சிரித்தவர் மாமனார்தான், வலியோடு. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தால்கூட, "அப்பா தப்பிச்சிட்டாரா?" என்று என் மகள் கேட்கிறாள். மாமனாருக்கு எண்பது வயதாகிறது. அவர் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் நான் முன்கூட்டியே கையை நீட்டிக்கொண்டு போய் நிற்பேன்.

"வேணாம் மாப்ளே, நீங்க தள்ளி நில்லுங்க" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் கம்பியைப் பிடித்துக் கடைசிப் படி இறங்கும்வரை கையை மட்டும் மடக்க மாட்டேன்.