நான் அணைத்த ஆறு மிதவைகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

வணக்கம். இங்கே என் உடம்பு நலம். மற்ற நலங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள், நடுவில் என்னைத் திட்ட ஆள் வேண்டும்.

உங்கள் மருமகள், அதாவது என் பெண், போன வாரம் ஆய்வுப் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். ஆழம் குறைந்த கடலில் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓட்டம் தண்ணீரை அடிமட்டம்வரை கலக்கிவிடுமாம். சற்றுத் தள்ளி ஆழமான பக்கம் மேலே சூடு, கீழே குளிர் என்று அடுக்காகவே கிடக்குமாம். ஒரே கடல், இரண்டு குடித்தனம். இரண்டும் சந்திக்கும் கோட்டில் மேல்தண்ணீர் வந்து கூடி, கோட்டோடுதான் ஓடும், குறுக்கே தாண்டாது என்பது இவள் கட்சி. காற்றடித்தால் எல்லாம் தாண்டும் என்பது மேலதிகாரி கட்சி. சோதனைக்கு விடும் மிதவைகள் கோட்டைத் தாண்டிவிட்டால் அடுத்த பருவத்தில் இவளுக்குப் படகு கிடையாது.

அதற்காக ஆறு மஞ்சள் மிதவைகளைத் தளத்தில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு, பட்டப்பகலில் மினுக் மினுக்கென்று. வீணாக விளக்கெரிந்தால் என் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியாததா? பொத்தானை அழுத்தி ஆறையும் அணைத்தேன். அவை எங்கே போகின்றன என்று திரைக்குச் சொல்லும் கருவிக்கும் அதே பொத்தான்தானாம். கடலில் விட்ட மறுநாள் திரையில் ஒன்றையும் காணோம். "ஆறும் ஒரே நேரத்துல எப்படிப்பா சாகும்? யாராவது தொட்டீங்களா?" என்றாள். படகோட்டி என்னைப் பார்த்தார், சமையல்காரர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிட்டேன், அத்தான்.

"நான் சொன்னது சரின்னா எல்லாம் அந்த நுரைக் கோட்டுலதான் இருக்கணும். இல்லன்னா மிதவையும் போச்சு, என் மானமும் போச்சு" என்று, ஓட்டம் போகும் பக்கமே படகை விடச் சொன்னாள். நுரை, பாசி, ஒற்றைச் செருப்பு, ஊர்க்குப்பையெல்லாம் அந்தக் கோட்டில்தான் கூடியிருந்தது. மத்தியானம் சமையல்காரர், "மேடம், அதோ மஞ்சளா!" என்று கத்தினார். ஆறும் சமர்த்தாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. கணக்கை மட்டும் நம்பியே கண்டுபிடித்தாளா என்று மேலதிகாரி இரண்டு முறை கேட்டாராம். "ஆறும் கிடைச்ச இடங்களோட பதிவை அனுப்பு, படகு உனக்குத்தான்" என்றிருக்கிறார். "கெடுத்ததும் நீங்கதான், ஜெயிக்கவெச்சதும் நீங்கதான்" என்று பெண் சிரிக்கிறாள்.

இனி எந்தப் பொத்தானையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். ஆகவே, "கொஞ்ச நாள் இங்க வந்து இருப்பா, பொண்ணு நிம்மதியா வேலை பாக்கட்டும்" என்று நீங்கள் அன்போடு அழைத்தீர்களே, அதற்கு இப்போது அவசியமில்லை.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் மூட்டுவலி குறைய வேண்டிக்கொள்ளும்,

அன்பு மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பக்கத்து அறையில் ஆளே இல்லாமல் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன். மிதவைகளின் பதிவு அதில்தான் ஏறிக்கொண்டிருந்ததாம், அத்தனையும் அழிந்துபோயிற்று. மறுபடி கடலுக்குப் போகிறாள். நான் நாளைக்கே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கூடத்தில் இரண்டு விளக்கு வீணாக எரிவதாக ஞாபகம்.