சராசரி இருபத்திரண்டு டிகிரி

எங்கள் மான்டெரே நகரின் வரலாறு, தட்பவெப்பம், மக்களின் குணம் மூன்றையும் நாற்பது பக்கத்தில் அடக்கி நகராட்சி ஒரு புத்தகம் வெளியிட்டது. வழவழப்பான தாள். இந்த ஊரில் வெயில் கிடையாது என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் நடைபாதையில் சாவி வெட்டுகிறவன். தகரப் பெட்டிதான் கடை. ஓர் ஆகஸ்டில் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அதனால் நாலு முழத் துணிப் பந்தல் போட அனுமதி கேட்டு மனுக் கொடுத்தேன்.

அதிகாரி கான்டூ, ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"பந்தல் எதுக்கு பெரியவரே?"

"வெயிலுக்கு சார்."

"எந்த வெயிலு?" புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "பக்கம் பதினாலு. சராசரி இருபத்திரண்டு டிகிரி. இதமானதுன்னு போட்டிருக்கு பாருங்க."

"அது ஜனவரிக் குளிரையும் சேர்த்துப் போட்ட கணக்கு சார். நான் விழுந்தது ஆகஸ்டுல."

"அப்போ ஜனவரிக் குளிரை ஆகஸ்டுலயும் நினைச்சுக்கணும். சராசரின்னா அதுதான்." இன்னொரு பக்கம் புரட்டினார். "இந்நகர மக்கள் எதற்கும் குறை சொல்லாதவர்கள். நீங்க குறை சொல்றீங்க. இந்த ஊர்க்காரர்தானா?"

என் பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோனேன். அப்பாவுடையதைக் கேட்டார். அதையும் கொண்டுபோனேன். பிறகு பக்கம் மூன்றுக்குப் போனார்.

"இந்த ஊரை மூணு தடவை நிறுவியிருக்காங்க. உங்க குடும்பம் எந்தத் தடவை வந்தது? முதல் ரெண்டு தடவைன்னா செல்லாது. அவங்கெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"நாங்க போகலையே சார். இதோ நிக்கிறேனே."

"அதை எழுத்துல குடுங்க."

எட்டு மாதம் கழித்து, மேற்படி மனு தொடர்பாகத் தல ஆய்வு நடத்த உத்தரவாயிற்று. மறு வருஷ ஆகஸ்ட் மாதம், மத்தியானம் இரண்டு மணி. வந்தவர் பெயர் ஒக்தாவியோ. தலைநகரிலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்த இளைஞர். கடைக்கு வருவதற்குள் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். விளக்குக் கம்பத்தைப் பிடித்தவர் சட்டென்று கையை உதறினார்.

"போன்ல நாப்பத்து மூணு டிகிரி காட்டுது. அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. எங்க ஊர்ல இந்நேரம் மழை பெய்யும். மனுஷன் இருக்கிற இடமாங்க இது?"

அனுமதிப் படிவத்தை என் பெட்டிமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

தெருவே கூடிவிட்டது. கறிக்கடை அபுன்தியோ என்னைப் பார்த்தான். எதிரே ரொட்டி சுடும் எலோடியா என்னைப் பார்த்தாள். தலைநகரத்துக்காரன் ஒருவன் எங்கள் தெருவில் நின்று எங்கள் ஊரை அடுப்பு என்கிறான்.

"இதெல்லாம் ஒரு வெயிலா தம்பி?" என்றேன். "ஜிலுஜிலுன்னு காத்து வருது."

"அதானே," என்றாள் எலோடியா, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி. "விடியக்காலைல நான் போர்வையைத் தேடினேன்."

ஒக்தாவியோ எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தப் படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். 'மனுதாரர் உட்பட அனைவரும் இதமாக உணர்வதால் பந்தல் தேவையற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லாக் குடுத்தீங்க அண்ணே," என்று அபுன்தியோ என் கையைக் குலுக்கினான். எல்லோரும் வரிசையாகக் குலுக்கிவிட்டு அவரவர் நிழலுக்கு ஓடினார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெருமை தாங்கவில்லை. கண் மட்டும் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது.